முதுகு காட்டி நிற்கும் மனிதர்

கணக்கு எழுதிப் பிழைத்த ஓவியர் பூபேன் கக்கர், தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லத் தேர்ந்தெடுத்தது ஒரு கழுதைக் கதையை

அப்பாவும் மகனும் கழுதையை ஓட்டிக்கொண்டு போன கதையை அறியாத குழந்தை அநேகமாக இந்தியாவில் இல்லை. மகன் கழுதை மேல் ஏறினால், ‘வயதான அப்பன் நடக்கிறான், இந்தத் தடியன் சவாரி செய்கிறானே’ என்கிறது ஊர். அப்பா ஏறினால், ‘பச்சைப் பிள்ளையை நடக்க விடுகிறானே’ என்கிறது. இருவரும் ஏறினால் வாயில்லா ஜீவன் மேல் ஊருக்குப் பரிதாபம். கடைசியில் இருவரும் கழுதையைச் சுமந்துகொண்டு போய் ஆற்றில் பறிகொடுக்கிறார்கள். நீதி: எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது. இரண்டாம் வகுப்பிலேயே படித்து, இரண்டாம் வகுப்போடு மறந்துவிடக்கூடிய பாடம் இது.

பரோடாவில் வாழ்ந்த ஓவியர் பூபேன் கக்கருக்கு அந்தப் பாடத்தைப் படித்து முடிக்க 47 வருடங்கள் ஆயின. 1981-ல் அவர் அதை ஓர் ஓவியமாக்கினார். ஏறக்குறைய ஆறடிக்கு ஆறடி அளவுள்ள துணி. நீலமும் பச்சையும் கலந்த அந்தி வெளிச்சத்தில் ஒரு சிறிய ஊர். வீடுகள், மரங்கள், அவரவர் வேலையில் ஆழ்ந்த மனிதர்கள். ஊரின் நடுவே அந்த அப்பாவும் மகனும் கழுதையும். கதையின் வெவ்வேறு கட்டங்கள் ஒரே படத்தில், ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இவை எல்லாவற்றையும் பால்கனியில் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்திலேயே மிகப் பெரிய உருவம் அவருடையதுதான். நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. ஊர் அவரைப் பார்க்கவில்லை. அவர் ஊரைப் பார்க்கிறார். அந்த மனிதர் பூபேன் கக்கர். ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்ற பெயரில் வெளிவந்த அந்தப் படத்தின் மூலமாகத்தான், தாம் ஆண்களை நேசிக்கிற ஓர் ஆண் என்பதை அவர் உலகத்துக்கு அறிவித்தார். ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய உண்மையை, முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

சுய உருவப்படம் என்றதும் நினைவுக்கு வருவது கண்ணாடிதான். ஓவியர் கண்ணாடியைப் பார்க்கிறார், தன் முகத்தைத் தீட்டுகிறார். ஒரு கையில் தூரிகை, கண்களில் கொஞ்சம் கர்வம், கொஞ்சம் கவலை. ஆனால் இந்திய ஓவியர்களில் சிலருக்கு அந்தக் கண்ணாடி போதவில்லை. கவிதையில் உலகப் புகழ் பெற்ற பிறகு, முதுமையில் ஓவியத்துக்கு வந்த ரவீந்திரநாத் தாகூர், 1930களில் அச்சில் வந்த தமது உருவப்படங்களின் மீதே மையும் வண்ணமும் தீட்டி, வேறு வேறு மனிதராக மாற்றிப் பார்த்தார். வெண்தாடி மகானாக ஊர் கொண்டாடிய முகத்தை அவரே சிதைத்து விளையாடினார்.

1934-ல் பாரிசில் அம்ரிதா ஷேர்கில் செய்தது இன்னும் துணிச்சலானது. அப்பா பஞ்சாபி சீக்கியர், அம்மா ஹங்கேரியப் பாடகி. 21 வயது அம்ரிதா, பிரெஞ்சு ஓவியர் காகின் வரைந்த தாஹித்தித் தீவுப் பெண்களைப் போல, இடுப்புக்கு மேல் ஆடையின்றித் தன்னையே வரைந்துகொண்டார். தாஹித்தியை அவர் பார்த்ததுகூட இல்லை. ஐரோப்பா தன்னை எந்தக் கண்ணால் பார்க்கிறதோ, அந்த வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டு எதிரே நின்றார். பின்னணியில் ஓர் ஆணின் நிழல் விழுகிறது. ஆனால் அவர் அந்த நிழலையும் பார்க்கவில்லை, பார்வையாளரையும் பார்க்கவில்லை. அந்த வருடக் கடைசியில் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்.

அதே 1934-ல், மார்ச் மாதம், பம்பாயில் ஒரு குஜராத்திக் குடும்பத்தின் நான்காவது குழந்தையாகப் பிறந்தவர் பூபேன் கக்கர். பம்பாயின் கேத்வாடி பகுதி. பணமும் இல்லை, பெரிய படிப்பும் இல்லாத வீடு. நான்கு வயதில் அப்பா இறந்துபோனார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு அம்மா மீது விழுந்தது. கடைக்குட்டி நன்றாகப் படிப்பான் என்று தெரிந்ததும் குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் அவன் மேல் ஏறி உட்கார்ந்தது. இந்த இடத்தில் கழுதை யார், சவாரி செய்பவர் யார் என்பது கொஞ்சம் குழப்பமான விஷயம்தான்.

பையன் ஏமாற்றவில்லை. குடும்பத்திலேயே முதல் ஆளாக பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தார். பொருளாதாரமும் அரசியலும் படித்தார். வீட்டார் வற்புறுத்தியதால் வணிகவியலும் படித்து, ஆடிட்டராகத் தேர்ச்சி பெற்றார். பிள்ளை ஆடிட்டர் என்றால் நடுத்தரக் குடும்பத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நல்ல சம்பளம், நல்ல இடத்தில் பெண், பேரன் பேத்திகள். எல்லாம் வரிசையாக வந்துவிடும் என்று எந்த அம்மாவும் நினைப்பார்.

அந்த வரிசை முதல் படியிலேயே நின்றுபோனது. 1958-ல் குலாம் முகமது ஷேக் என்ற இளம் கவிஞரும் ஓவியருமான நண்பர் கிடைத்தார். பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் நுண்கலைக்கென்று ஒரு புதிய துறை இருக்கிறது, அங்கே வந்துவிடு என்றார் அவர். நாடு சுதந்திரம் அடைந்த சூட்டோடு தொடங்கப்பட்ட துறை அது. மாஹேயில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கே.ஜி. சுப்ரமணியன் போன்றவர்கள் அங்கே ஆசிரியர்கள். 1962-ல் கக்கர் பம்பாயை விட்டுக் கிளம்பினார். வயது 28. ஓவிய மாணவராகச் சேரவில்லை; கலை விமர்சனம் படித்தார். தூரிகை பிடிக்கத் தாமாகவே கற்றுக்கொண்டார்.

வயிற்றுப்பாட்டுக்கு? கணக்குத்தான். பரோடாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதினார். பாதி நாள் பேரேடு, மீதி நாள் ஓவியம். பல வருடங்கள் இப்படியே ஓடின. ‘கலைக்காக எல்லாவற்றையும் உதறியவர்’ என்ற வழக்கமான கதை இவருக்குப் பொருந்தாது. அவர் எதையும் உதறவில்லை. அந்த அலுவலகம், அந்த மேஜை, அந்த சகாக்கள் எல்லாமே பின்னால் படங்களுக்குள் வந்தன.

முதலில் வந்தவை சாமி படங்கள். பூஜை அறைகளிலும் டீக்கடைகளிலும் தொங்கும் காலண்டர் தெய்வங்களைக் கத்தரித்து ஒட்டி, மேலே வண்ணம் பூசி, 1960களில் கண்காட்சி வைத்தார். ‘உயர்ந்த ரசனை’ என்று படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்த கோட்டுக்கு மறுபக்கம் வேண்டுமென்றே போய் உட்கார்ந்தார்.

அடுத்து வந்தவர்கள் மனிதர்கள். 1972-ல் மட்டும் ஒரு முடிதிருத்தும் கடை, ‘ஜனதா’ என்று பெயர் வைத்த ஒரு கடிகார ரிப்பேர் கடை, ‘டீலக்ஸ்’ தையல் கடை, உதவிக் கணக்கர் ஐ.எம். படேல் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. அதுவரை இந்திய நவீன ஓவியம் கிராமத்து விவசாயியை வரைந்திருந்தது; குதிரைகளை வரைந்திருந்தது. டெரிலின் சட்டைப் பையில் பேனா செருகிய உதவிக் கணக்கரை யாரும் வரையத் தகுந்தவராகவே நினைக்கவில்லை. கக்கரின் கடைக்காரர்கள் நேரே நம்மைப் பார்க்கிறார்கள், அல்லது வேலையைப் பார்க்கிறார்கள். சிரிப்பதில்லை. பலகையில் பெயர், சுவரில் பளிச்சென்ற வண்ணம், நடுவில் ஒரு தனிமை.

முதலில் பார்த்தவர்கள் இவற்றைக் கேலி என்று நினைத்தார்கள். கொஞ்சம் கேலி உண்டுதான். ஆனால் உதவிக் கணக்கரைக் கேலி செய்ய இன்னொரு கணக்கருக்கு எவ்வளவு தூரம் உரிமை உண்டோ, அவ்வளவுதான். 1970களின் நடுவில் வரைந்த, பிளாஸ்டிக் பூங்கொத்து ஏந்திய மனிதனின் படத்தைப் பார்த்தால் இது புரியும். கையில் பூங்கொத்து இருக்கிறது. கொடுக்க ஆள் இல்லை. வாடாத பூ என்பதால் அவசரமும் இல்லை. ஓவியர் தன் முகத்தை வரையாமலே தன்னை வரைந்துகொண்டிருந்த காலம் அது.

முகத்தைக் காட்ட நேர்ந்தபோது வேஷம் போட்டுக்கொண்டார். அதே 1972-ல் தமது கண்காட்சிக்காக வெளியிட்ட விளக்கப் புத்தகத்தில் ஜேம்ஸ் பாண்டாகவும் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ ஆகவும் போஸ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். ஆடிட்டர் உடம்பை வைத்துக்கொண்டு ஆணழகன் வேஷம். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்க வைப்பவரிடம் யாரும் சொந்தக் கேள்விகள் கேட்பதில்லை. ‘ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?’ என்று கேட்க வருபவரின் வாயை ஒரு நல்ல ஜோக் அடைத்துவிடும்.

ஏனென்றால் உள்ளே இருந்த விஷயம் ஜோக் அல்ல. அந்த நாட்களில் அதை அம்மாவிடம் சொல்ல முடியாது. அலுவலகத்தில் சொல்ல முடியாது. குஜராத்தியிலோ தமிழிலோ அதைக் கௌரவமாகச் சொல்ல ஒரு வார்த்தைகூட அன்றைக்குப் புழக்கத்தில் இல்லை. இருந்தவை வசவுகளும், ஜாடைச் சொற்களும்தான். சட்டமோ இன்னும் தெளிவாகப் பேசியது. ஆங்கிலேயர் 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. எழுதிய ஆங்கிலேயர்களே தங்கள் நாட்டில் 1967-ல் இந்தக் குற்றத்தைப் பெருமளவு கைவிட்டுவிட்டார்கள். இங்கே அப்படியே இருந்தது.

ஆகவே கக்கர் இரண்டு பேரேடுகள் வைத்திருந்தார். ஒன்று ஊர் பார்க்க. இன்னொன்று அவர் மட்டும் அறிந்தது. ஒரு கணக்கருக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்பது கணக்கு எழுதியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேரேடு வைத்திருப்பவர் தினமும் ராத்திரி இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

1979-ல் அவர் இங்கிலாந்து போனார். ஓவியர் ஹவார்டு ஹாட்கின் இந்தியாவுக்கு அடிக்கடி வந்து போகும் நண்பர். அவர் மூலம் பாத் நகரக் கலைக் கல்லூரியில் சில மாதங்கள் பணி கிடைத்தது. குளிரும் தனிமையும் வாட்டின. பீர் கடையில் தனியே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆங்கிலேயரை அந்த வருடம் வரைந்தார். பரோடாவின் பிளாஸ்டிக் பூக்காரருக்கு அவர் அண்ணன் முறை என்று சொல்லலாம். ஆனால் இன்னொன்றையும் அங்கே பார்த்தார். இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் வெளிப்படையாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். விருந்துக்கு ஜோடியாக வருகிறார்கள். யாரும் கல் எறிவதில்லை. இப்படியும் ஒரு வாழ்க்கை சாத்தியம் என்பதை 45 வயதில் கண்ணால் கண்டார்.

திரும்பி வந்த பிறகு, 1980-ல், அம்மா காலமானார்.

அடுத்த வருடம் கழுதைப் படம் வந்தது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பைக் கக்கர் மறைத்ததில்லை. அம்மா இருந்தவரை அவருக்குத் தலைகுனிவு வரும்படி எதையும் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எளிதாக வரும். ஆனால் நான்கு பிள்ளைகளோடு கணவனை இழந்த ஒரு பெண், கடைக்குட்டி மேல் மொத்த நம்பிக்கையையும் வைத்து வாழ்ந்திருக்கிறார். அவருக்குப் புரியவைக்க ஒரு மொழி இல்லாத காலத்தில், மகன் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர் அவரேதான். இளமை முழுவதும் அதில் போயிற்று. அம்மாவுக்காகச் சுமந்த பாரத்தை, அம்மா போன பிறகு இறக்கி வைத்தார். இறக்கிய இடம், பால்கனி.

அந்தப் படத்தைத் திரும்ப ஒருமுறை பார்க்கலாம். அப்பா, மகன், கழுதை. அப்பாவை நான்கு வயதில் இழந்த ஒருவர் வரைந்த அப்பா, மகன். ஊர் சொல்வதையெல்லாம் கேட்டுக் கழுதையைப் பறிகொடுத்தவர்களை, ஊர் சொல்வதைக் கேட்டே பாதி வாழ்க்கையை ஓட்டிய ஒருவர் மேலே நின்று பார்க்கிறார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வெட்கமா, நிம்மதியா, சிரிப்பா? அவர் திரும்பி நின்றிருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். முதுகு காட்டி நிற்பதால் பார்ப்பவர் அவர் பின்னால் போய் நின்று, அவர் பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஊரில், இந்த வெளிச்சத்தில், இந்த மனிதனாக நின்றால் எப்படி இருக்கும்? கண்ணாடியைப் பார்த்து வரைந்த எந்தச் சுய உருவப்படமும் பார்ப்பவரிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுப்பதில்லை.

அதன் பிறகு தூரிகைக்குத் தயக்கம் இருக்கவில்லை. 1982-ல் காசிப் படம். கங்கைக் கரையின் அன்றாட நடமாட்டத்துக்கு நடுவே இரண்டு ஆண்கள் நிர்வாணமாகத் தழுவி நிற்கிறார்கள். அவர்களில் நரைத்த தலைக்காரருக்குக் கக்கரின் சாயல். சாதுக்கள், பக்தர்கள், கோயில்கள் எல்லாம் அதே படத்தில், தத்தம் வேலையில். பக்தியும் காமமும் ஒரே ஊரில் குடியிருக்கின்றன என்பது அவருக்கு அதிர்ச்சி தரும் செய்தி அல்ல. பார்த்துப் பழகிய விஷயம். 1987-ல் யயாதியை வரைந்தார். மகனிடம் இளமையை இரவல் வாங்கிய மகாபாரத அரசன். முதுமையில் ஆசை என்பது சிரிப்புக்குரியது என்று ஊர் நினைக்கும். கக்கர் அதை இரக்கத்தோடு வரைந்தார். அவருடைய காதலர்களாக அவர் படங்களில் வருபவர்கள் கட்டழகு இளைஞர்கள் அல்லர். வழுக்கை, தொந்தி, நரை. ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களைப் போன்றவர்கள்.

இவ்வளவுக்கும் அவர் கொடி பிடித்தவர் அல்லர். இயக்கம் நடத்தவில்லை, மேடையில் முழங்கவில்லை. அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ குடிபெயர்ந்து சுதந்திரமாக வாழ வாய்ப்பு இருந்தும், பரோடாவிலேயே இருந்தார். வயதான தோழர்களோடு பஜனைக்குப் போனார். குஜராத்தியில் கதைகளும் ‘மௌஜிலா மணிலால்’ போன்ற நாடகங்களும் எழுதினார். அவற்றிலும் அதே குறும்பு, அதே குமாஸ்தாக்கள். 1984-ல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 377-வது பிரிவை வைத்திருந்த அதே அரசு. இரண்டு பேரேடு வைத்திருந்தது அவர் மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

ஊர் என்ன செய்தது? முகம் சுளித்தவர்கள் உண்டு. படத்தை ஒதுக்குப்புறமாக மாட்டச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் பயந்த அளவுக்குப் பூகம்பம் எதுவும் வெடிக்கவில்லை. நண்பர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள். மனதுக்குள் 20, 30 வருடங்கள் வளர்த்த பயம், வெளியே வந்து பார்த்தால் பாதி உயரம்கூட இல்லை என்பது பலருடைய அனுபவம். ஆனால் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் பெற்ற ஓவியருக்கும், சொந்த வருமானம் உள்ளவருக்கும், பெற்றோரை இழந்து தனியாக இருப்பவருக்கும் கிடைக்கும் இடம், சின்ன ஊரில் அப்பா வீட்டில் இருக்கும் இருபது வயதுப் பையனுக்குக் கிடைக்காது. கக்கருக்கே இருபது வயதில் கிடைக்கவில்லை.

1990களின் கடைசியில் இன்னொரு உண்மை அவரைத் தேடி வந்தது. புரோஸ்டேட் புற்றுநோய். சிகிச்சை, வலி, அவமானம். ஆண் என்ற அடையாளத்தின் அடிவாரத்திலேயே கை வைக்கும் நோய். இதை வெளியே சொல்ல ஆண்கள் கூசுவார்கள். கக்கர் தூரிகையை எடுத்தார். நிர்வாண முதுகைக் காட்டியவர் இப்போது தோலையும் நீக்கிக் காட்டினார். 1999-ல் ஒரு படம். கழிப்பறை வேதனையைப் பற்றியது. நாள் முடிவில் உடம்பிலிருந்து இரும்புக் கட்டிகள் வெளியே வந்தன என்று அதற்குப் பெயர். பெயரைப் படித்தால் சிரிப்பு வரும். படத்தைப் பார்த்தால் நின்றுவிடும். 2001-ல், வயிற்றில் குண்டு பாய்ந்த மனிதர், குடலும் ரத்தமுமாக. இவற்றை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பார்க்கவே பிடிக்காதவர்கள் உண்டு. அவருக்கு அது புதிது அல்ல. எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது என்று இருபது வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்.

இந்தக் கடைசிப் படங்களும் சுய உருவப்படங்கள்தான். உடம்புக்கு உள்ளே நடப்பது, வெளியே கண்ணாடியில் தெரியாது. மருத்துவர் எக்ஸ்ரேயில் பார்ப்பது நோயை. நோயாளி படும் பாட்டை அல்ல. அதைப் பார்க்க வேறு கருவி வேண்டியிருந்தது. ஆசையைப் பற்றி உண்மை சொல்லும் துணிவு ஒருமுறை வந்துவிட்ட பிறகு, வலியைப் பற்றி உண்மை சொல்வது அவருக்குக் கடினமாக இருந்திருக்காது. ஒருவேளை இரண்டும் ஒரே துணிவுதானோ என்னவோ. 2003 ஆகஸ்ட் 8-ந் தேதி பரோடாவில் இறந்தார். வயது 69.

அவர் போன பிறகு நடந்தவற்றைப் பார்க்க அதே பால்கனியில் நின்றால் சுவாரஸ்யமாக இருந்திருக்கும். 2009-ல் டில்லி உயர் நீதிமன்றம், வயது வந்தவர்களின் சம்மதத்தோடு நடப்பது குற்றம் அல்ல என்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம், குற்றம்தான் என்றது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், குற்றம் அல்ல என்றார்கள். அப்பா ஏறினார், இறங்கினார், மகன் ஏறினான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆனால் ஓர் ஆணும் ஆணும் திருமணம் செய்துகொள்ளும் உரிமையைத் தர 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கழுதைப் படத்தை லண்டனின் டேட் அருங்காட்சியகம் 1996-ல், அவர் உயிரோடு இருந்தபோதே வாங்கிவிட்டது. 2016-ல் அங்கே அவருடைய படங்களுக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தது. தலைப்பு, அந்தப் படத்தின் பெயரேதான். லண்டன் பத்திரிகை ஒன்றின் விமர்சகர் கண்காட்சியைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அதற்குக் காரசாரமாகப் பதில் எழுதியவர்களும் இருந்தார்கள். சுவரில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை எழுதி மாட்டியிருந்தும் விமர்சகர் கவனிக்கவில்லை போலும். 2019-ல் காசிப் படம் லண்டன் ஏலத்தில் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. கணக்கருக்கு இந்தத் தொகை சிரிப்பை வரவழைத்திருக்கும்.

விலையை விட்டுவிடலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு பேரேடு பரணில் இருக்கிறது. அது தன்பால் ஈர்ப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிடிக்காத படிப்பாக இருக்கலாம், சொல்லாத நோயாக இருக்கலாம், அம்மாவுக்காகச் செய்துகொண்ட கல்யாணமாக இருக்கலாம். தன்னை வரைந்து பார் என்று ஒரு தாளைக் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் பாஸ்போர்ட் போட்டோ முகத்தைத்தான் வரைவார்கள். கக்கரும் பல வருடங்கள் அதைத்தான் செய்தார். அதற்கும் முன்னால் ஜேம்ஸ் பாண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு நாள் சட்டையைக் கழற்றிவிட்டு, ஊர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

கீழே அப்பாவும் மகனும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள். கழுதை அவர்களோடு இருக்கிறது. ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. மேலே நிற்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இறங்கிப் போவதாகத் தெரியவில்லை.